படுக்கப் போட்டு வரைந்த வீடுகள்

வீட்டுப்படம் வரைகிற தொழிலில் சுவர்கள் ஒருநாளும் தொல்லை தந்ததில்லை. தொல்லை தந்தவை எல்லாம் அந்தச் சுவர்களை வரைந்த கணினிகளே. ஒரு மென்பொருளை அதற்குப் பழக்கமில்லாத இயங்குதளத்தில் குடியேற்றிவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்த அன்பர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். மற்றவர்கள் பொறுமையாக வாசிக்கவும்.

சுனாமிக்கு அடுத்த வருடம், ஒரு தொண்டு நிறுவனம் கல்முனைக்குடியில் வரைபட அலுவலகம் ஒன்றைத் திறந்தது. கடல் கொண்டுபோன வீடுகளுக்குப் பதிலாக ஊருக்குள் தள்ளிக் கட்டவிருந்த வீடுகளுக்கு, குடும்பத்துக்கு ஒரு படமாக வரைந்து அம்பாறை அலுவலகத்துக்கு அனுப்புவது எங்கள் வேலை. வரைபவர் மஹ்றூப், பல வருட அனுபவமுள்ள படவரைஞர். சரிபார்ப்பவள் நான், முப்பத்திரண்டு வருடம் புவியியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள்.

எங்களிடம் அதிகமாக வந்துபோனவர் சுபைதா. அவருடைய மகளுக்கு நிக்காஹ் பேசி முடிந்திருந்தது. எங்கள் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். பெண்ணுக்கு வீடு இல்லையென்றால் நிக்காஹும் இல்லை. சுபைதாவின் வளவில் அப்போது மிஞ்சியிருந்தது கிணற்றுக்கட்டு மட்டுமே. குறித்த ஒரு வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குள் அம்பாறைக்கு வந்துசேராத படங்களுக்கு வீடு கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள்.

பெட்டிகளின் அணிவகுப்பு

நிறுவனம் அனுப்பிய கணினிகளில் இருந்தது, ஊரில் எல்லோரும் பழகியிருந்த இயங்குதளம் அன்று; இலவசமாகக் கிடைக்கும் வேறொன்று. மஹ்றூபிடம் முறைப்படி வாங்கிய வரைபட மென்பொருளின் இறுவட்டு இருந்தது. அதுவோ பழைய இயங்குதளத்துக்காகவே செய்யப்பட்டது. ஆகவே இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைச்செயலியை மொழிபெயர்ப்பாளர் போல அமர்த்தினோம். மென்பொருள் திறந்தது. ஆனால் எழுத்து இருக்கவேண்டிய இடங்களிலெல்லாம் வெறும் சதுரப் பெட்டிகள் வரிசையாக நின்றன. படத்தில் அறையின் பெயரைத் தட்டினாலும் அச்சில் பெட்டிதான் விழுந்தது.

நான் இரண்டு தீர்மானங்கள் எடுத்தேன். அறைப் பெயர்களையும் வடக்குக் குறியையும் அச்சான தாளில் என் கையால் எழுதுவது ஒன்று. எத்தனையாவது பெட்டி சுவர், எத்தனையாவது பெட்டி கதவு என்று மட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுவது மற்றது. மஹ்றூப் அந்த மட்டையை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. காரணம் கேட்டேன்.

"நான் கண்ணாடி போடாமலே இருவது வருஷம் வரைஞ்சவன், டீச்சர். எனக்கு எப்பவும் இது பெட்டியாத்தான் தெரிஞ்சது."

பத்து நிமிடத்துக்கு ஒரு மணி

அந்த மென்பொருளுக்கு இன்னொரு குணமும் இருந்தது. கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை, சொல்லாமல் கொள்ளாமல், திரையிலிருந்து மறைந்துவிடும். சேமிக்காத சுவர்கள் அதனோடு போய்விடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சேமிக்கும்படி மஹ்றூபிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார், மறந்தார். ஒரே நாளில் மூன்று வீடுகளின் சமையலறைகளை, எங்கள் பேச்சில் குசினிகளை, இழந்தோம். மறுநாள் என் வீட்டிலிருந்த கைமணியைக் கொண்டுவந்து, கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அடிக்கத் தொடங்கினேன். மஹ்றூப் மணிச்சத்தத்துக்குத் திடுக்கிட்டாவது சேமித்தார்.

இரண்டு நாட்கள் ஒழுங்காக நடந்தது. மூன்றாம் நாள், பக்கத்து வளவில் தகரக் கொட்டிலில் இயங்கிவந்த தற்காலிகப் பாடசாலையின் அதிபர் வந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். மிகுந்த மரியாதையோடு என் கையிலிருந்த மணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"டீச்சர், நீங்க சேமிக்கிற ஒவ்வொரு தரமும் எங்கட ஒண்டாம் வகுப்பு வீட்ட போகுது."

சம்பந்தி பார்வை

புதன்கிழமை காலை சுபைதாவின் படம் அச்சாகி வந்தது. கிழக்கே தெரு, சதுரக் காணி, இரண்டு அறை, மண்டபம், குசினி, பின்னால் மலசலகூடம். நான் அறைப் பெயர்களை எழுதி, வடக்குக் குறியைத் தாளின் மேற்பக்கத்தில் போட்டுக் கையொப்பமும் வைத்துவிட்டேன். மாப்பிள்ளையின் தாய் ஆமினாவையும் சுபைதா அழைத்து வந்திருந்தார். மகன் குடிவரப்போகும் வீட்டைப் பார்க்காமல் நாள் குறிக்கமாட்டேன் என்று ஆமினா சொல்லியிருந்தாராம். வீடு இன்னும் கடதாசியில் இருந்தபடியால் கடதாசியைப் பார்க்க வந்திருந்தார்.

அவர் படத்தைப் பார்த்து முதலில் கேட்டது, மேற்கு எந்தப் பக்கம் என்பதே. நல்ல கேள்வி என்று மனத்துக்குள் மெச்சிக்கொண்டு, தாளின் இடதுபுறத்தைக் காட்டினேன். ஆமினா விரலால் மண்டபத்தைக் கடந்து, குசினியைக் கடந்து, மலசலகூடத்தில் வந்து நின்றார். கால் வைக்கும் இடங்கள் இரண்டையும் தடவிப் பார்த்தார். அவை இடதுபுறம் நோக்கியிருந்தன. மேற்கே மக்கா, தொழுகையின் திசை. ஆமினா தாளை மடிக்காமல், கவனமாக, என் மேசையில் வைத்தார்.

"டீச்சர், என்ட மகன் கிப்லாவப் பாத்துத் தொழத்தான் அந்த ஊட்டுக்குப் போவான். கிப்லாவப் பாத்துக் குந்தப் போகமாட்டான்."

வீட்டைப் படுக்கப் போட்டது

திரையில் பார்த்தால் படம் சரியாகவே இருந்தது. கால் வைக்கும் இடங்கள் வடக்கை நோக்கியிருந்தன. அச்சிடும்போது அந்த இடைச்செயலி படத்தைக் கால்வாசி திருப்பிவிட்டிருந்தது. எழுத்துகள் என் கையெழுத்தாக இருந்ததால் திரும்பியதை அவை காட்டிக்கொடுக்கவில்லை. தெருவைப் பார்க்கவேண்டிய வாசற்கதவு, அடுத்த காணியின் மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதையும் நான் கவனிக்கவில்லை. பிழையில் பாதி இயந்திரத்தினுடையது. மீதிப் பாதி, எந்தத் தாளைக் கண்டாலும் தலைப்பக்கத்தில் வடக்கைப் போட்டுவிடும் என் கையினுடையது. இதைச் சுபைதாவிடம் அப்படியே ஒப்புக்கொண்டேன்.

வடக்கு மேற்பக்கத்தில்தான் இருக்கவேண்டும் என்பது அம்பாறை அலுவலகத்தின் விதி; ஆகவே குறியை மாற்றிப் போட வழியில்லை. தாளைத் திருப்பும் தெரிவு மென்பொருளில் எங்கோ இருந்திருக்கும். ஆனால் அதுவும் ஒரு பெட்டி. பதினொரு பெட்டிகளை அமத்திப் பார்த்தோம். ஒன்று கூரையை அழித்தது. இன்னொன்று வீட்டை ஆறாகப் பெருக்கியது. கடைசியில் மஹ்றூப் ஒரு பெருமூச்சு விட்டு, திரையிலிருந்த வீட்டையே எதிர்ப்பக்கமாகக் கால்வாசி திருப்பிச் சரித்தார். பின்னால் நின்ற சுபைதா பதறிப்போய், மகளின் வீடு ஏன் விழுந்து கிடக்கிறது என்று கேட்டார். மஹ்றூப் அச்சுப்பொறியின் பொத்தானை அமத்திக்கொண்டே பதில் சொன்னார்:

"இஞ்ச படுக்கப் போட்டாத்தான், ராத்தா, அது கடதாசியில ஒழும்பி நிக்கிது."

சோதனைச் சாவடி

அன்றைய தாள்கட்டில் இருந்த மற்றப் பதினாறு வீடுகளும் அவ்வாறே படுத்து எழும்பின. வியாழக்கிழமை படங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நான் அம்பாறைக்கு பஸ் ஏறினேன்; சுபைதாவும் கூடவே வந்தார். சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். சண்டைக் காலத்தில் சுருட்டிய வரைபடத்தோடு பயணம் செய்வது புத்திசாலித்தனமான காரியமன்று. ஓர் இளம் சிப்பாய் அத்தனை தாள்களையும் மணல்மூட்டையின்மேல் விரித்தார். நிறுவனத்தின் கடிதத்தைக் காட்டினேன். அதை வாசித்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். மணி மூன்றைத் தாண்டிக்கொண்டிருந்தது. சுபைதாவின் உதடுகள் ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்தன.

சுபைதாவின் படத்துக்கு வந்ததும் சிப்பாயின் விரல் நின்றது. வாசலில் நுழைந்து, அறைகளைச் சுற்றி, ஓரிடத்தில் நெடுநேரம் தங்கியது. பிறகு தாள்களை அவரே ஒழுங்காகச் சுருட்டி என் கையில் கொடுத்து, வீட்டுக்காரியைக் குறிக்கும் சிங்களச் சொல்லையும் கலந்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

"அம்மா, குசினி சின்ன. நோனா ஏசும்."

படங்கள் நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அம்பாறையில் பதிவாகின. அடுத்த வருடம் சுபைதாவின் மகளுக்கு அந்த வீட்டிலேயே நிக்காஹ் நடந்தது. அன்று ஆமினா மணவறைக்குள் போவதற்கு முன்பு வீட்டின் பின்பக்கம் போய், மேற்கை ஒருமுறை கையால் அளந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

வேறோர் இயங்குதளத்தில் குடியேற்றிய மென்பொருள் சரியாக இயங்குகிறதா என்பதைத் தொழில் தெரிந்தவரிடம் கேட்டுப் பயனில்லை, மாப்பிள்ளையின் தாயிடம்தான் கேட்கவேண்டும்.