நேமத்தான்பட்டிப் பந்தியில் மூடிய இலைகளும் எண்ணெய் நாடுகளும்

போன ஆவணியில் நேமத்தான்பட்டிக்குப் போனது நண்பனின் தங்கை கல்யாணத்துக்கு. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பார்க்கப் போனேன் என்றால் பொய், சாப்பாட்டுக்குத்தான் போனேன். காரைக்குடி ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவுக்கு முந்நூற்றைம்பது ரூபாய், அரை மணி நேரம்.

காலைப் பந்தியில் வெள்ளைப் பணியாரத்தை ஒரு கை பார்த்துவிட்டுக் கொல்லைப்புறம் கை கழுவப் போனேன். ஊராட்சியில் குப்பை பிரிக்கும் நாலு பேரில் ஒருவரான செல்வி, எச்சில் இலைகளை ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டிருந்தார். எல்லாம் நம் ஆட்களின் நாகரிகத்தால் வந்த வேலை. பாட்டில், பாயசக் கப், ஸ்பூன் எல்லாவற்றையும் இலைக்குள் வைத்து அழகாக மூடிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். வெளியே பார்க்கச் சுத்தம், உள்ளே சாம்பாரில் ஊறிய பிளாஸ்டிக்.

கழுவினால் போச்சு என்றேன். அத்தனையையும் கழுவத் தண்ணீருக்கு எங்கே போவது என்றார். எண்ணெய் நாடுகள் போட்டி போட்டுக் கச்சா எண்ணெய் விலையை இறக்கினால் புது பிளாஸ்டிக் மலிந்துவிடுமாம், பழசைச் சீந்துவாரில்லை. கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் பழைய பிளாஸ்டிக்கை உருக்கும் ஆலை வாங்காது. போன லோடு அப்படித்தான் திரும்பி வந்திருக்கிறது.

“இன்னைக்கும் திரும்புச்சுன்னா இனி லாரி இங்குட்டு வராதுன்னு சொல்லிட்டாக. அப்புறம் கண்மாய்க்கரையில போட்டுக் கொளுத்த வேண்டியதுதான். எங்க நாலு பேருக்கும் வேலை இல்ல.”

நண்பனிடம் சொன்னேன். சம்பந்தி வீட்டாருக்குப் பந்தியில் பாடம் எடுப்பதா என்று தயங்கினான். பக்கத்தில் நின்ற அவன் அம்மா மீனாட்சி ஆச்சி கேட்டுக்கொண்டிருந்தார்.

மத்தியானப் பந்தியில் பார்த்தால், பட்டுப்புடவையும் வைரத்தோடுமாக, இடுப்பில் கூடையோடு ஆச்சியே வரிசையாக வருகிறார்! சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அப்பா முன்னால் போய் நின்றார்.

“நல்லாச் சாப்பிட்டீகளா? கப்பை எங்கிட்டக் குடுத்துட்டு இலையை மூடுங்க.”

அவர் மறுபேச்சில்லாமல் கொடுத்தார். அதற்குப் பிறகு வேறு யார் வாயைத் திறப்பார்கள்? அசந்துபோனேன்.

லாரி வரும்வரை ஊரைச் சுற்றினேன். போகிறவர்கள் முகூர்த்த மாதத்தில் போங்கள். மற்ற நாளில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் அப்போது திறந்திருக்கும். கேட்டுவிட்டு உள்ளே போங்கள். தண்ணீருக்குச் சொந்தப் பாட்டில் கொண்டுபோங்கள்.

சாயங்காலம் வந்த லாரி டிரைவர், அடியில் கிடந்த மூட்டையைத்தான் அவிழ்த்தார். முழங்கை வரை கையை விட்டுத் துழாவி, ஒரு கப்பை எடுத்து மோந்து பார்த்தார்.

“ஏத்துங்க. அடுத்த வாரமும் வாரேன்.”

செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எங்கோ நடக்கும் எண்ணெய்ச் சண்டை தன் ஊர்க் கண்மாய்க்கரையைக் கொளுத்தாமல் ஒரு வாரத்துக்காவது ஆச்சி தடுத்துவிட்டார். பிறகு அந்த நாலு பேரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, தன் கையாலேயே இலை போட்டார்.