வெளியே தள்ளிய சில்லுகள்

கொட்டாஞ்சேனைத் திருநாள் பவனியில் ஆண்டுதோறும் புனிதரின் சொரூபத்தை ஏற்றிச் செல்வது என் பிக்கப்தான். ஒருமுறை அழகுக்காக அகலமான டயர்களும், சில்லை வெளியே தள்ளும் ரிம்களும் போட்டேன். டயர்கள் மட்கார்டைத் தாண்டி நான்கு விரற்கடை வெளியே நின்றன. பவனியில் சனம் வெறுங்காலுடன் வண்டியைத் தொட்டபடியே நடக்கும் என்று யோசிக்கவேயில்லை.

அடுத்த வீட்டு மேரி அக்காவின் பாதத்தில் டயர் ஏறியது.

ஆஸ்பத்திரியில் அவர், "உங்கட பிழையில்லை தம்பி. நான்தான் கிட்ட வந்திட்டன்" என்றார்.

"ஓம் அக்கா" என்றேன்.

மறுநாளே பழைய சில்லுகளைப் பூட்டினேன். காரணத்தை அவரிடம் சொல்லவில்லை.

இந்த ஆண்டுப் பவனிக்கும் அக்கா நொண்டியபடி வந்தார். "பயப்பிடாதேங்கோ தம்பி, இந்தமுறை நான் தள்ளித்தான் நடப்பன்."

மறுபடியும் "ஓம் அக்கா" என்றேன். பார்க்கும்போதெல்லாம் இந்தப் பொய்யைச் சொல்லிச் சொல்லியே களைத்துவிட்டேன்.