சகலை என்று சொல்லாமல்

பேட்டரிப் பெட்டியின் மூடியைத் திறந்ததும் அக்கா மீட்டரைத் தொட மாட்டார். குனிந்து மோந்து பார்ப்பார். அழுகிய முட்டை வாடை அடித்தால் "ஐயோ, இது வெந்து போச்சு" என்று மூக்கைப் பொத்திக்கொள்வார். வாடை இல்லையென்றால் முகம் மலர்ந்துவிடும். "உயிர் இருக்கு, தேத்திடலாம்" என்று கொண்டையில் செருகிய ஸ்க்ரூ டிரைவரை உருவுவார். அதன் பிறகுதான் வண்டிக்காரருக்கு மூச்சு வரும்.

கேரவன்கள்தான் அவர் தொழில். படுக்கை, அடுப்பு, குளியலறை என்று ஒரு குடித்தனத்தையே முதுகில் கட்டிக்கொண்டு ஓடுகிற வண்டிகள். எஞ்சினை அக்கா ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். "ஓடுறது வேற ஆளு பாடு. நின்ன பிறகு விளக்கு எரியணும்ல, அது என் பாடு" என்பார். வண்டிக்குள் குடித்தனம் நடத்தும் பேட்டரிகளும், அவற்றுக்கு மின்சாரத்தை ஊட்டி, பிறகு அவற்றிடமிருந்தே வாங்கி விசிறிக்கும் விளக்குக்கும் கொடுக்கிற இன்வர்ட்டர் பெட்டியும்தான் அவர் ராஜ்யம். பேட்டரி சோர்ந்தால் அந்தப் பெட்டி பீப் பீப் என்று கத்தும். கத்தினால் இவரைக் கூப்பிடுவார்கள். அப்படித்தான் ஊருக்கெல்லாம் பீப் அக்கா ஆனார்.

கைராசிக்காரர், அதில் பேச்சே இல்லை. வாய்தான் வில்லங்கம். எந்தக் கோளாறையும் உறவுமுறை வைத்துத்தான் அவருக்கு விளக்கத் தெரியும். ஃபியூஸ் என்றால், அண்ணன் தம்பி சண்டையில் நடுவே புகுந்து முதல் அடி வாங்குகிற மைத்துனன். இன்வர்ட்டர், மாமியார்: "எவ்வளவு கொட்டினாலும் பத்தலைன்னு கத்தும்." ஜோடியாகக் கட்டிய இரண்டு பேட்டரிகள், அக்காள் தங்கையைக் கட்டிய சகலைகள்: "ஒரே வீட்டு வேலை. ஒருத்தன் மாடா உழைப்பான், இன்னொருத்தன் நோகாம நுங்கு தின்பான்."

இப்படித்தான் ஒரு வண்டியில் மாமியார் மகாத்மியத்தை விஸ்தாரமாக எடுத்துவிட்டுக்கொண்டிருந்தபோது, மேல் படுக்கையில் போர்வைக் குவியல் என்று நினைத்தது எழுந்து உட்கார்ந்தது. நிஜ மாமியார். அந்த வீட்டோடு அவர்கள் சொந்தபந்தத்தின் வண்டிகளும் கைவிட்டுப் போயின. போனில் வேலை பிடித்துத் தருகிற மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "நுணலும் தன் வாயால கெடும்மா! இனிமே மாமியார், மருமக, சகலை எதுவும் உன் வாயில வரக்கூடாது. சத்தியம் பண்ணு." அக்கா ஸ்பேனர் மேல் கை வைத்துச் சத்தியம் பண்ணினார்.

பண்ணின கையோடு வந்த முதல் அழைப்பு எங்கிருந்து என்கிறீர்கள்? வாசலில் கேரவன். பேட்டரிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், இருவரும் கைகட்டி நின்றார்கள். மூத்தவர், பிக்பாக்கெட்டைக் காட்டிக்கொடுப்பவர் போல விரலை நீட்டினார்.

"இவரு என் சகலை."

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இருவரும் சேர்ந்து வாங்கிய வண்டி. ஆளுக்கொரு பேட்டரி. சண்டை வரக்கூடாதென்று வெள்ளை டேப்பில் எழுதி ஒட்டியிருந்தார்கள்: ஒன்றில் 'பெரியவர்', இன்னொன்றில் 'சின்னவர்'. ஒட்டிய நாளிலிருந்துதான் சண்டை.

"என்னுது புதுசு மாதிரியே நிக்குது. இவருதுதான் இறங்கிப் போகுது" என்றார் சின்னவர்.

"இறங்காம? எல்லா வேலையும் என்னுதுதானே செய்யுது!" என்றார் பெரியவர். "யாருது கெட்டதுன்னு இன்னிக்குத் தெரிஞ்சாகணும். அப்புறம் வண்டியை வித்து ஆளுக்குப் பாதி."

அதற்குள் அவர்கள் மனைவிமாரான அக்காள் தங்கை இருவரும் வெளியே வந்துவிட்டார்கள். "இவங்க கூத்து கிடக்கட்டும்க்கா" என்றாள் அக்காள்காரி. "அதோ பாருங்க." முன் இருக்கையில் அவர்களுடைய அப்பா, மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அப்படியே இருக்கிறாராம். அவருடைய அண்ணன் தூரத்து ஊரில் படுத்த படுக்கை. கண் மூடுவதற்குள் தம்பியைப் பார்க்கவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். வழியில் ஒரு ராத்திரி வண்டியில்தான் தூங்கவேண்டும். தூக்கத்தில் அப்பாவுக்கு மூச்சு மிஷின் ஓடவேண்டும்.

"போன வாரம் இங்கேயே படுக்க வெச்சுப் பார்த்தோம். நடுராத்திரி பீப் பீப்னு கத்தி மிஷின் நின்னுடுச்சு. அப்பா திணறிப் போயிட்டாரு" என்றாள் தங்கை. "இது சரியாகலைன்னா அவரை இறங்கச் சொல்லணும். யாரு சொல்றது?"

அக்கா பெட்டியருகில் குனிந்தார். மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். நல்லவேளை, வாடை இல்லை. மீட்டரை வைத்தார், இரண்டும் நிறைந்திருந்தன. விசிறி, விளக்கு, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் போடச் சொன்னார். மீட்டரில் 'பெரியவர்' மளமளவென்று இறங்கினார். சின்னவர் அசையவே இல்லை.

"பார்த்தீங்களா!" என்று சின்னவர் துள்ளினார். பெரியவர் முகம் சுண்டைக்காயாகச் சுருங்கிவிட்டது.

அக்கா இருவரையும் கண்டுகொள்ளாமல் வயரை விரலால் தடவிக்கொண்டே போனார். இன்வர்ட்டரிலிருந்து வந்த பிளஸ், மைனஸ் இரண்டும் 'பெரியவர்' பேட்டரியின் தலையிலேயே முடுக்கியிருந்தன. 'சின்னவரை' அதோடு சேர்த்திருந்ததோ நூல் போன்ற ஒரு ஜோடி வயர். அதன் போல்ட்டில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. விரலால் திருகினார். ஆடியது.

விஷயம் விளங்கிவிட்டது. விளக்குவதுதான் பாடாகிவிட்டது.

"அது வந்து... ரெண்டு மாடுன்னு வெச்சுக்குங்க..."

"யாரு மாடு?" என்றார்கள் இருவரும், வாழ்க்கையில் முதன்முறையாக ஒரே குரலில்.

"சரி, மாடு வேணாம். ரெண்டு குடம். அதுல ஒரு குடத்துலதான்..."

"எந்தக் குடம்?"

அக்காவுக்கு வேர்த்துக் கொட்டியது. சரியான வார்த்தை நாக்கு நுனியில் நின்று குதித்தது. மகள் எங்கிருந்தாவது எட்டிப் பார்ப்பாள் என்பது போல் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் முன் இருக்கையிலிருந்து பெரியவரின் குரல் வந்தது. பேட்டரிக்காரப் பெரியவர் இல்லை, பெண்களைப் பெற்ற பெரியவர்.

"ஏம்மா, இவனுங்க ரெண்டு பேரும் எனக்கு வாய்ச்ச மாப்பிள்ளைங்க, சகலைங்க. அது மாதிரியா?"

"ஐயா! நீங்க சொன்னீங்க, நான் சொல்லலை!" அணை உடைந்தது. "அதேதாங்க! மாமனார் வீட்டு வேலை மொத்தமும் மூத்த சகலை தலையில. இளைய சகலை சோம்பேறி இல்லீங்க, அவரைக் கூப்பிடத்தான் வழியில்ல. கூப்பிடற வயரு களிம்பு ஏறிக் கிடக்கு. அதான் இவரு இளைச்சுட்டாரு, அவரு புதுசாவே நிக்கறாரு. பேட்டரி மேல குத்தமில்ல. கட்டினதுதான் கோளாறு."

"கட்டினது யாரு?" என்று பெண்கள் புருஷன்மார் பக்கம் திரும்பினார்கள்.

"நான் வயரைப் பிடிச்சேன், அவரு முடுக்கினாரு" என்றார் மூத்தவர்.

"அன்னிக்கு எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல" என்றார் இளையவர்.

"கட்டி வெச்சது நான்தாம்மா" என்றார் முன் இருக்கை. "இப்ப அவிழ்க்கவா முடியும்?"

முதலில் சிரித்தது தங்கைதான். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

அக்கா களிம்பைச் சுரண்டினார். தடித்த வயர்களை எடுத்து இரண்டையும் சேர்த்தார். பிளஸ்ஸைப் பெரியவரிடமே விட்டு, மைனஸைச் சின்னவர் தலைக்கு மாற்றினார். "இனி ஒருத்தரை விட்டுட்டு இன்னொருத்தர் மட்டும் உழைக்க முடியாது, ஓய்வெடுக்கவும் முடியாது." பிறகு, "ஐயா, போய்ப் படுங்க. நீங்கதான் பரீட்சை" என்றார்.

ஒரு ராத்திரியின் பாரத்தை ஒரு மத்தியானத்தில் ஏற்றவேண்டுமே! விசிறி, விளக்கு, மோட்டார் எல்லாம் ஓட, மிஷினை மாட்டிக்கொண்டு ஐயா படுத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கிளம்பியது. வெளியே எல்லாரும் கிசுகிசுப்பாகப் பேசினார்கள். சகலைகள் இருவரும் மீட்டரின் மேல் தலையோடு தலை முட்டக் குனிந்து கிடந்தார்கள். இரண்டு பேட்டரியும் மெல்ல, ஒன்று போலவே இறங்கின. பெட்டி வாயே திறக்கவில்லை.

வெயில் சாய்ந்த பிறகு மூத்த மகள் தொட்டு எழுப்பினாள். ஐயா கண்ணைக் கசக்கிக்கொண்டு பையைத் தேடினார்.

"அண்ணன் ஊர் வந்துடுச்சா?"

அவள் பையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். "கிளம்பறோம்ப்பா, இதோ கிளம்பறோம்" என்றாள் தங்கை.

அக்கா பெட்டியை மூடப் போனார். புது வயர் மூடியின் விளிம்பில் உரசியது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் மூத்தவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "எல்லாம் சரிம்மா. இருந்தாலும் ஒரு பேச்சுக்குக் கேக்கறேன், ரெண்டுல யாருது நல்ல பேட்டரி?" அந்தப் பக்கம் இளையவரின் காதும் நீண்டது.

அக்காவின் வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. குனிந்து, 'பெரியவர்' என்ற டேப்பை உரித்து, உரசிய இடத்தில் வயரைச் சுற்றி ஒட்டினார். 'சின்னவர்' என்பதையும் உரித்து அதன் மேலேயே சுற்றி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, மூடியைச் சாத்தினார்.