மாத்திரை வரிசை

அடையாறில் ஒரு மருத்துவமனையின் மனநல வார்டில் எங்கள் பைஜாமாக்களுக்கு நாடா கிடையாது. நாங்கள் ஏதாவது செய்துகொள்வோமாம். அங்கே நொச்சிக்குப்பத்து மீனவர் ஒருவர், ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பார். சாப்பிடும்போதுகூட இடது கை இடுப்பைப் பிடித்தபடியே இருக்கும். மாத்திரையை விழுங்கியதும் நர்ஸிடம் இரண்டு கைகளையும் விரித்துக் காட்ட வேண்டும். முதல் நாள் காட்டினார்; பைஜாமா காலடியில் விழுந்தது. வார்டே சிரித்தது, நானும்தான்.

மறுநாள் வரிசையில் என் முன்னால் வந்து நின்றார். திரும்பாமலே, "நைனா, பின்னாடி கொஞ்சம் புடிச்சிக்கோ" என்றார். அன்றிலிருந்து மூன்று வேளையும் பிடித்துக்கொண்டேன்.

என்னை வீட்டுக்கு அனுப்பிய காலையில் என் பெல்ட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ பூடுவ. மத்தியானம் யாரு நைனா புடிப்பாங்கோ?"

நான் பெல்ட்டை இறுக்கிக்கொண்டேன்.