மணி அடித்த பிறகும் வராத பிள்ளைகள்

பள்ளியில் வருகைப் பொறுப்பை ஏற்ற ஆசிரியருக்குக் காலைப் பசியாறல் தொண்டையில் இறங்காது.

எங்கள் பள்ளி கோப்பெங்குக்குப் பக்கம். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்துப் பள்ளி. இப்போது சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். பாதிப் பிள்ளைகள் ஈப்போ பக்கமிருந்து வேனில் வருகிறார்கள். மணி அடித்ததும் வகுப்பு வகுப்பாகப் போய், வராதவர்கள் பெயரைக் குறித்து, வீட்டுக்குப் போன் போடுவது என் வேலை. இந்த வேலையில் மாட்டிக்கொண்ட சக ஆசிரியர்களே, மறுமுனையில் "பிள்ளை அப்பவே கிளம்பிருச்சே" என்று குரல் கேட்டால் அடுத்து எப்படி ஓட வேண்டியிருக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

செம்பனைக்குள்

இரண்டாம் ஆண்டு கவினா வரவில்லை. அவள் அம்மாவைக் கூப்பிட்டேன். "நானே மோட்டார்ல கொண்டாந்து வாசல்ல இறக்கிவிட்டேனே டீச்சர்!" என்று அலறினார். ஓடிப்போய், கேட்டைக் காவல் காக்கும் ஜாகா சுப்ரா அண்ணனைக் கேட்டேன். மணி அடித்ததும் கேட்டைப் பூட்டிவிட்டு, சிற்றுண்டிச் சாலைக்குச் சாமான் லோரி வந்ததால் பின்பக்கம் போய்விட்டாராம். பூட்டிய கேட்டுக்கு வெளியே பிள்ளை எவ்வளவு நேரம் நின்றது, எங்கே போனது, யாருக்கும் தெரியவில்லை.

ஒரு பக்கம் லோரிகள் பறக்கும் பெரிய ரோடு. மறுபக்கம் செம்பனை. சுப்ரா அண்ணன் ரோட்டுப் பக்கம் ஓடினார். நான் குடையைக் கையில் பிடித்துக்கொண்டு செம்பனைக்குள் நுழைந்தேன். எலி தின்ன நாகம் வரும் இடம் அது. காய்ந்த மட்டையில் என் கால் பட்டு வந்த சத்தத்துக்கே உடம்பு தூக்கிப் போட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், பதில் இல்லை. நான்காவது வரிசையோ ஐந்தாவது வரிசையோ, ஒரு மரத்தடியில் பையின் மேல் உட்கார்ந்திருந்தாள், சத்தம் போடாமல் அழுதுகொண்டு. தூக்கிக்கொண்டு வந்தேன்.

"உள்ள பாம்பு இருக்கும்னு தெரியாதாம்மா?" என்று தலைமையாசிரியர் கேட்டார். அவள் சொன்ன பதிலைக் கேட்ட பிறகுதான், கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கதவை இனிமேல் பூட்டவே கூடாது என்று உத்தரவு போட்டார்.

"தெரியும் சார். ஆனா பாம்பு, லேட்டா வந்தவங்க பேர எழுதாதுல்ல?"

உள்ளே ஆள் இருந்த வீடு

மூன்றாம் ஆண்டு தர்ஷன் ஒரு வாரமாக வரவில்லை. போன் எண் வேலை செய்யவில்லை. பழைய தோட்டத்தில் மிஞ்சியிருக்கும் தொழிலாளர் லயத்து வீடுகளில் ஒன்றுதான் அவன் வீடு. கழுத்தில் பள்ளிப் பெயரட்டையோடு தனியாகவே போனேன். நாய்கள் குரைத்தபடி காருக்குப் பின்னாலேயே வந்தன. கதவு பூட்டியிருந்தது; படியில் அவன் பள்ளிக் காலணி. உள்ளே பாடிக்கொண்டிருந்த ரேடியோ, நான் கதவைத் தட்டியதும் டக்கென்று நின்றது.

"தர்ஷன்?" என்றேன். மூச்சுச் சத்தம்கூட இல்லை. உள்ளே இருக்கிறார்கள், ஆனால் பேசவில்லை என்றால் என்னவோ நடக்கிறது என்றுதானே தோன்றும்? காருக்குப் போகத் திரும்பினேன். வீட்டின் பின்பக்கமிருந்து ஒரு ஆள் கையில் பாரங் கத்தியோடு வந்து வழியில் நின்றார். "எந்த ஆபிஸ் நீங்க?" என்றார். "ஆபிஸ் இல்லண்ணே. தர்ஷன் டீச்சர்." கத்தி கீழே விழுந்தது. அவர் படியில், அந்தக் காலணிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர் மனைவி இந்தோனேசியாவிலிருந்து வந்தவர். அடையாள அட்டை இல்லை. அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட, பையனையும் வெளியே விடாமல் அடைந்து கிடந்திருக்கிறார்கள். தர்ஷன் அறையிலிருந்து வந்தான், பள்ளிச் சீருடையில். தினமும் காலையில் உடுத்திக்கொண்டு உட்காருவானாம். பள்ளியில் யாரும் அவன் அம்மாவைப் பற்றிக் கேட்கமாட்டார்கள், கேட்டால் என்னிடம் வரட்டும் என்று சொன்னேன். அந்த அம்மா எனக்குத் தேநீர் கலந்து கொடுத்தார். கிளம்பும்போது தர்ஷனின் அப்பா காருக்குப் பக்கத்தில் வந்து சொன்னார்:

"நாளைக்கே அனுப்புறேன் டீச்சர். ஆனா அடுத்த தடவ வந்தா, கழுத்துல தொங்குற அந்த அட்டையக் கழட்டிட்டு வாங்கலா, எங்களுக்கு உசுரே போயிருச்சு."

மழையில் காணாத வேன்

விடியற்காலையிலிருந்து கொட்டிய மழை. முனியாண்டி அண்ணனின் வேன் வரவில்லை, பதினைந்து பிள்ளைகள். அவர் போன் அடிக்கவே இல்லை. அதற்குள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், 'வேன் ஒன்று ஆற்றோரம் கவிழ்ந்துவிட்டதாம்' என்று போட்டுவிட்டார். எந்த வேன், எந்த ஆறு, ஒன்றும் இல்லை. அரை மணி நேரத்தில் பள்ளி வாசலில் பெற்றோர் கூட்டம். ஒரு அப்பா என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். நான் எல்லாருக்கும் தைரியம் சொல்லிவிட்டு, கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

முதல் ஓய்வு மணிக்குச் சற்று முன்னால் வேன் ஊர்ந்து வந்தது. வழியில் மரம் விழுந்து, சுற்றுப் பாதையில் வந்திருக்கிறார். போன் மழையில் நனைந்து செத்துவிட்டது. பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கினார்கள். இவ்வளவு தாமதமா என்று பெற்றோர் அவர்மேல் பாய்ந்தார்கள். முனியாண்டி அண்ணன் சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னார்:

"மெதுவா வந்தேன், லேட்டாயிருச்சு. வேகமா வந்திருந்தா, வந்தே இருக்க மாட்டோம்லா."

முதலில் வரும் பிள்ளை

ஐந்தாம் ஆண்டு யாழினி ஒரு நாள்கூடத் தவறியதில்லை. பள்ளிச் சபைகூடலில் முழு வருகைக்குப் பரிசு கொடுத்தோம். எல்லாரும் கை தட்டினோம்.

ஒருநாள் தேர்வுத் தாள் வேலையாக இருட்டோடு பள்ளிக்குப் போனேன். ஜாகாகூட இன்னும் வரவில்லை. கேட்டுக்கு வெளியே, காரின் வெளிச்சத்தில், யாழினி சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்திருந்தாள். தினமும் இப்படித்தானாம். ஏன் என்றேன். "மாமா எந்திரிக்கிறதுக்குள்ள வந்துரணும் டீச்சர்." அம்மாவுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. வீட்டில் இருக்கும் மாமா குடித்துவிட்டுத் தூங்குவார், எழுந்தால் பெல்ட்டை எடுப்பார். கையைத் திருப்பிக் காட்டினாள். தாமதமாக வரும் பிள்ளைகளைத் தேடி எத்தனை அலைந்திருக்கிறேன். சீக்கிரம் வரும் பிள்ளையைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அன்றே தலைமையாசிரியரிடம் சொன்னேன். புகார் சமூக நல அலுவலகத்துக்குப் போனது, போலீசுக்கும் போனது. அந்த மாமா பள்ளி வாசலில் வந்து நின்று என் காரையே பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், சுப்ரா அண்ணன் துணைக்கு வராமல் நான் வெளியே கால் வைத்ததில்லை. யாழினியைத் தாப்பாவில் இருக்கும் அவள் பெரியம்மா அழைத்துக்கொண்டார். அங்கேயே பள்ளி மாற்றமும் ஆனது. சில வாரம் கழித்துக் காலையில் பெரியம்மா போன் செய்தார். பெயரைப் பார்த்ததும் "என்னாச்சு?" என்றுதான் எடுத்தேன்.

"ஒண்ணும் இல்ல டீச்சர், பயப்படாதீங்க. பிள்ள இன்னைக்குத்தான் மொத தடவ அசந்து தூங்குது, ஸ்கூலுக்கு லேட்டாயிருச்சு, எழுப்ப மனசு வரல."

மணி அடித்ததும் பெயர் குறிக்கும் வேலை என்றுதான் இந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். மணி ஓய்ந்த பிறகும் அடித்துக்கொள்வது என்னவோ என் நெஞ்சுதான்.