மேட்டடியில் நிறுத்தாத வண்டி

ஒரே மாதத்தில் மூன்றாவது பெல்ட் கருகிவிட்டது. சைத்ரா மேடம் அதைத் தூக்கி வந்து சென்னிமலையின் மேசையில் போட்டாள். மைசூருக்கு வெளியே ஏடிவி என்கிற நாலு சக்கரக் காட்டு பைக்குகளின் சவாரித் திடல் நடத்துகிறவள்.

"உங்க ஃபிட்டிங்தான் சரியில்ல. இல்லேன்னா காரணத்தச் சொல்லுங்க. நாளைக்கு வேற மெக்கானிக் வருவாரு," என்றாள் கன்னடத்தில்.

சென்னிமலை தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளிக்காரர், ஐம்பத்திரண்டு வயது. மனைவி இறந்த பிறகு மைசூர் தேவராஜ மொஹல்லாவில் ஒற்றை அறை. திடலில் பொழுதெல்லாம் கன்னடம். மதியச் சோற்றில் மட்டும் தமிழ், அதுவும் ஒரே ஆளோடு: கௌதள்ளிக்குப் பக்கத்து ஹனூரிலிருந்து வந்த விஜய்குமார். சவாரிக்கு வருகிறவர்களுக்கு முன்னால் வண்டி ஓட்டி வழிகாட்டுகிறவன்.

"ஏனுங்ணா, இன்னைக்கும் எலுமிச்சஞ் சோறா? உங்க அடுப்புக்கு ஒரே கியருதானுங்களா?" என்பான்.

இந்தக் கிண்டலைக் கேட்கவே விடுமுறை நாளிலும் சென்னிமலை பஸ் ஏறுவார்.

பெல்ட்டைக் கருக்கியது யார் என்று அவருக்குத் தெரியும். சொன்னால் அந்த ஒரு ஆள் போவான். சொல்லாவிட்டால் வேலை போகும்.

கியர் இல்லாத வண்டியென்றால் யோசனையே வேண்டாத வண்டி என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். தப்பு. உள்ளே இரண்டு புல்லி, அவற்றைச் சுற்றி ஒரு ரப்பர் பெல்ட். எஞ்சின் வேகம் ஏற ஏற முன் புல்லியின் தட்டுகள் நெருங்கி பெல்ட்டை விளிம்புக்குத் தள்ளும், பின் புல்லி விரிந்து இடம் கொடுக்கும். கியர் தானாக மாறுவது இவ்வளவுதான். செங்குத்து மேட்டுக்கு முன் ஹையிலிருந்து லோ என்கிற இழுவை நிலைக்கு மாற்றுவது மட்டும் ஓட்டுகிறவன் வேலை. அதற்கு வண்டியை முழுசாக நிறுத்தியாக வேண்டும். ஹையிலேயே முக்கினால் சக்கரம் நிற்கும், புல்லி சுற்றி பெல்ட்டை எரிக்கும்.

விஜய்குமார் மேட்டடியில் யாரையும் நிறுத்துவதில்லை. எப்படி நிறுத்துவான்? இருபது நிமிட ரவுண்டைப் பதினைந்தாக வெட்டியது மேடம்.

அவன் ஹெல்மெட்டோடு ஷெட் வாசலில் நின்றான். சென்னிமலை பெல்ட்டைத் திருப்பிக் காட்டி, கன்னடத்திலேயே விளக்கினார்.

"புல்லி கோணலா இருந்தா ஒரு ஓரந்தானுங்க தேயும். இது ரெண்டு பக்கமும் ஒரே எடத்துல குழிஞ்சு கருகியிருக்குது. வண்டி நகராம எஞ்சின் மட்டும் சுத்தினதுங்க."

"ஏன் நகரல?"

"மேட்டடியில நிறுத்தி லோ போடோணுமுங்க. போடறதில்ல. நீங்க நேரத்தக் கொறச்சதுல..."

அவள் மீதியைக் கேட்கவில்லை. சவாரிக்காரர்கள் பார்க்க விஜய்குமாரைத் திட்டிக் கிழித்தாள். ரவுண்டு பதினைந்து நிமிடமாகவே இருந்தது. மேட்டடியில் நிறுத்தவும் வேண்டும், நேரத்துக்குத் திரும்பவும் வேண்டும். அது அவன் பாடு.

மறுநாள் மதியம் அவன் டிக்கெட் கவுண்டர்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டு ஷெட் வாசலுக்கு வந்தான்.

"மெக்கானிக் சார், மூரனே காடி பெல்ட் நோடி."

மூன்றாவது வண்டியின் பெல்ட்டைப் பார்க்கச் சொன்னான். அண்ணா இல்லை, தமிழும் இல்லை.

"ஆய்து," என்று கன்னடத்திலேயே ஒத்துக்கொண்டார் சென்னிமலை. பெல்ட் மூடியின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். வேலை மட்டும் இருந்தது.