பத்தாவது பைலும் ரெத்தினம் அண்ணன் நோட்டும்

இ.எம்.ஐ. விக்கிறவன் போன் கஸ்டமர் முன்னாடி லாக் ஆகவே கூடாது. என்னோடது ஆயிருச்சு.

கறுப்புத் திரை

ஆலங்குடி மொபைல் கடை ஒண்ணுல தவணை டேபிள் எனக்கு. அன்னைக்கு மாசக் கடைசி, ஒம்போது பைல் போட்டாச்சு (ஒரு தவணைக் கடனுக்கு ஒரு பைல்). சாயங்காலத்துக்குள்ள பத்தாவது விழலைன்னா டெம்பர் கிளாஸ் ஒட்டப் போயிருன்னு மேனேஜர் அண்ணன் சொல்லிட்டாரு.

அப்பதான் வந்தாரு ரெத்தினம் அண்ணன். வடகாட்டுல கடலை போடுறவரு, காலேஜ் போற மகளுக்குப் போன் வேணுமாம். பையில முழுக் காசு. காசுக்கு வித்தா என் கணக்குல வராதே. "எதுக்குண்ணே மொத்தமா குடுக்குறீங்க? நானே தவணையிலதான் வாங்குனேன், ஒரு தொல்லை இல்ல"ன்னு என் போனை நீட்டுறேன். 'தவணை பாக்கி. போன் முடக்கப்பட்டுள்ளது.' ரெண்டு நாள்தாங்க லேட்டு.

எழுத்துக் கூட்டி முழுசும் படிச்சாரு. "தம்பி, ஒம் போனே ஒன்னைய நம்பலையே, நான் எப்புடி நம்புறது?"

கண்ணச் சிமிட்டுங்க

டீ வாங்கிக் குடுத்து, சர்வர் மேல பழியப் போட்டு, ஒருவழியா உக்கார வச்சேன். பைலுக்குப் போட்டோ எடுக்கையில கண்ணச் சிமிட்டுனாதான் கடன் கம்பெனி ஆப் ஏத்துக்கும். அவரு வெறப்பா உக்காந்து முழிக்கிறாரு. நாலு தடவை பெயில். சிமிட்டிக் காட்டிக் காட்டி எனக்குக் கண்ணுல தண்ணி.

"ஆதாருக்கு அசையாதன்னாங்க, நீ சிமிட்டுங்குற. மொதல்ல ரெண்டு பேரும் பேசி முடிவுக்கு வாங்க."

தெரிஞ்சவங்க நம்பர்

(இருங்க, ஒருத்தர் சார்ஜர் கேக்குறாரு. ம், வந்துட்டேன்.)

பைலுக்குத் தெரிஞ்சவங்க நம்பர் வேணும். மச்சான் நம்பரக் குடுத்தாரு. கம்பெனிக்காரங்க கூப்புடுறதுக்குள்ள சொல்லி வச்சிருவோம்னு நானே ஸ்பீக்கர்ல போட்டேன். அங்கதான் தப்பு.

"அவருக்குப் புதுப் போன் எதுக்குங்க? பழசுல அடிச்சாலே எடுக்க மாட்டாரு, நாலு நாளா எம் மோட்டாரத் திருப்பிக் கேட்டு அடிக்கிறேன்."

நோட்டு

கடைசி அஸ்திரமா, "வட்டியே இல்லண்ணே, பைல் சார்ஜ் மட்டும்தான்"னேன். சிரிச்சுக்கிட்டே பையிலருந்து நீள நோட்டு ஒண்ண எடுத்தாரு. மொய் நோட்டு. எங்க பக்கம் ஆடியில மொய் விருந்து வப்பாங்க. கறிச்சோறு போடுறவருக்கு ஊரே மொய் செய்யும். அவரு அடுத்தவங்க விருந்துல, வாங்குனதுக்கு மேல கொஞ்சம் சேத்துத் திருப்பணும்.

"இதுல எரநூறு பேருக்குச் செஞ்சிருக்கேன். ஒருத்தனையும் கண்ணச் சிமிட்டச் சொன்னதில்ல"ன்னுட்டு, போனுக்கு முழுக் காசையும் எண்ணி வச்சாரு. பத்தாவது பைல் போச்சு. அப்பறம், "ஒம் பாக்கி எம்புட்டு?"ன்னாரு. ஆயிரத்தி ஐநூறுன்னேன். அதையும் எடுத்து வச்சாரு. மேனேஜர் போன்லருந்து கட்டுனதும் எம் போனுக்கு உசுரு வந்துச்சு. அவரு நோட்டுல எம் பேரு ஏறிருச்சு.

"வர்ற ஆடியில எங்க விருந்து, கூட ஐநூறு வச்சுச் செஞ்சுரு. வராட்டி நான் போனெல்லாம் லாக் பண்ண மாட்டேன், மைக்குல பேரச் சொல்லிருவேன்."

டெம்பர் கிளாஸ் ஒட்டிக்கிட்டேதான் இத டைப் பண்றேன்: தவணை விக்கப் போய் கஸ்டமர்கிட்டயே தவணைக்கு மாட்டுனது நான் மட்டும்தானா, இல்ல ஒங்களுக்கும் நடந்திருக்கா?